நாஞ்சில் நாட்டுக்குக் கார்ட்லெஸ் வந்த கதை

கோட்டைக்கும் கோவிலுக்கும் கல்வெட்டு உண்டு. வட்டக்கோட்டையைப் பற்றியும் பத்மநாபபுரம் அரண்மனையைப் பற்றியும் எழுத ஆள் உண்டு. ஆனால் நம் கண்ணுக்கு முன்னால் வந்து, கண்ணுக்கு முன்னாலேயே போய்விட்ட பொருட்களின் வரலாற்றை யாரும் எழுதி வைப்பதில்லை. அப்படிப்பட்ட ஒரு பொருள்தான் வீட்டுக் கார்ட்லெஸ் தொலைபேசி. குமரி மாவட்டத்து வீடுகளில் அது ராஜ்ஜியம் நடத்தியது ஏறக்குறைய இருபது வருடம் இருக்கும். அதற்குள் செல்போன் வந்து அதை அலமாரிக்கு அனுப்பிவிட்டது. இன்றைக்குக் கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகள் பலர் அதைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

தொலைத்தொடர்புத் துறையில் வேலை பார்க்கும் பொறியாளன் என்ற முறையில் அந்தக் கதையை இம்மலரில் பதிந்து வைக்க விரும்புகிறேன். கதை சின்னதுதான். ஆனால் அதில் ஒரு பாடம் இருக்கிறது. அந்தப் பாடத்துக்கு நம் மாவட்டம் கொடுத்த விலை பெரியது.

டிரங்க் காலும் பி.பி. எண்ணும்

சென்னையில் தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் வந்தது 1880-களின் தொடக்கத்தில். அப்போது நம் ஊர் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. அதற்குப் பிறகும் நெடுங்காலம் தொலைபேசி என்பது டாக்டர் வீடு, வக்கீல் வீடு, எஸ்டேட் பங்களா, ஜவுளிக்கடை என்று எண்ணிச் சொல்லக்கூடிய இடங்களில்தான் இருந்தது. இணைப்புக்கு மனு கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கையில் பணம் உள்ளவர்கள் 'ஓ.ஒய்.டி.' திட்டத்தில் பெரிய தொகை கட்டி வரிசையில் கொஞ்சம் முந்திக்கொள்வார்கள்.

வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் டிரங்க் கால் புக் செய்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று விதம். அவசரம் ஏற ஏறக் கட்டணமும் ஏறும். நேரடியாக எண்ணைச் சுழற்றிப் பேசும் எஸ்.டி.டி. வசதி இந்தியாவில் முதன்முதலாக 1960-இல் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே வந்தது. நாட்டின் தென்முனையான நமக்கு அது சாவகாசமாகத்தான் வந்து சேர்ந்தது.

நிலைமையை மாற்றியது 1984-இல் தொடங்கப்பட்ட 'சி-டாட்' நிறுவனம். சாம் பிட்ரோடாவின் தலைமையில் நம் நாட்டு இளம் பொறியாளர்கள், ஏ.சி. இல்லாமல், புழுதியிலும் வெயிலிலும் தாக்குப்பிடிக்கும் சிறிய எக்ஸ்சேஞ்சை வடிவமைத்தார்கள். 128 இணைப்புகள் கொண்ட அந்த எக்ஸ்சேஞ்ச் 1986-இல் கர்நாடகத்தில் கித்தூரில் முதலில் நிறுவப்பட்டது. பிறகு நாடெங்கும் கிராமங்களில் அது பரவியது. மஞ்சள் போர்டு மாட்டிய எஸ்.டி.டி. பூத்துகள் மூலைக்கு மூலை முளைத்தன.

அப்படியும் எல்லா வீட்டிலும் போன் இல்லை. கல்யாணப் பத்திரிகையில் பக்கத்து வீட்டு எண்ணைப் போட்டு, பக்கத்தில் 'பி.பி.' என்று அச்சடிப்பார்கள். வெள்ளிக்கிழமை வளைகுடா நாடுகளில் விடுமுறை. அன்றைக்கு பி.பி. வீட்டு நடையில் நாலைந்து பெண்கள் காத்திருப்பார்கள். "மக்கா, சவூதி காலு! ஓடிப்போய் அவளை வரச் சொல்லுடே!" என்று சின்னப் பையன்களை விரட்டுவார்கள். அப்படி ஓடிய பையன்களில் கடைசித் தலைமுறை நான் என்று சொல்லலாம்.

கம்பியை அறுத்தவர்

கார்ட்லெஸ் தொலைபேசிக்குப் பழைய காப்புரிமைகளில் முக்கியமான ஒன்று, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்வெய்கர்ட் என்பவருடையது. அவர் இரண்டாம் உலகப் போரில் ராணுவ வானொலிப் பணியில் இருந்தவர். 1966-இல் மனு கொடுத்து 1969-இல் காப்புரிமை பெற்றார்.

தத்துவம் எளிது. சுவரில் இருந்து வரும் தொலைபேசிக் கம்பி 'பேஸ்' எனப்படும் அடிப்பெட்டியோடு நின்றுவிடும். பேஸுக்கும் கையில் உள்ள ஹாண்ட்செட்டுக்கும் இடையே இருப்பது ஒரு குட்டி வானொலி நிலையம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் வேண்டும் என்பதால், போக ஒரு அலைவரிசை, வர ஒரு அலைவரிசை. அமெரிக்காவின் ஆரம்பகாலக் கருவிகளில் பேஸ் 1.7 மெகா ஹெர்ட்ஸ் அருகிலும் ஹாண்ட்செட் 49 மெகா ஹெர்ட்ஸிலும் பேசின. 1.7 என்பது மீடியம் வேவ் ரேடியோவின் முள் முடிகிற இடத்துக்கு அடுத்த வீடு! ஆகவே அக்கம்பக்கத்தார் பேச்சு சில ரேடியோக்களில் கேட்டது. 1980-களில் பேஸுக்கு 46, ஹாண்ட்செட்டுக்கு 49 மெகா ஹெர்ட்ஸ் என்று மாற்றி, 10 சானல்கள் ஒதுக்கினார்கள். நம் ஊருக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை இந்த 46/49 ரகம்தான்.

இதில் ரகசியம் என்று ஒன்றும் கிடையாது. காற்றில் போவது சாதாரண எப்.எம். பேச்சு. அமெரிக்காவின் 1986-ஆம் வருடத் தகவல் தொடர்பு அந்தரங்கச் சட்டமே, கார்ட்லெஸ்ஸின் வானொலிப் பகுதிக்குப் பாதுகாப்பு கிடையாது என்று வெளிப்படையாக விலக்கி வைத்தது. 1994-இல்தான் அதைத் திருத்தினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டிக்குள் வந்த பேஸ்

1990-களில் வளைகுடாவில் இருந்து லீவுக்கு வருபவர் பெட்டியில் கோடாலித் தைலம், டாங்க் பவுடர், டேப் ரெக்கார்டர் ஆகியவற்றோடு ஒரு கார்ட்லெஸ்ஸும் இருக்கும். எங்கள் வீட்டுக்கும் அப்படித்தான் வந்தது. எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். கொண்டுவந்த மாமாவைச் சுற்றி தெருவே கூடிவிட்டது. "வயரு இல்லாம எப்படிடே பேசும்? பேட்டரி லைட்டு மாதிரியா?" என்று கேட்ட தாத்தாவுக்கு மாமாவால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை.

அதை மாட்டுவது ஒரு சடங்கு போலத்தான். இன்றைய மாணவர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் அடாப்டர். ஜப்பான், அமெரிக்கச் சந்தைக்குச் செய்ததாக இருந்தால் அது 100 அல்லது 120 வோல்ட். சவூதியிலும் அந்நாளில் பல வீடுகளில் 127 வோல்ட் மின்சாரம் உண்டு. நம் ஊர் 230 வோல்ட். பார்க்காமல் செருகியவர்கள் வீட்டில் ஒரு சின்னப் புகை, ஒரு பெரிய வருத்தம். தெரிந்தவர்கள் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்கி வைப்பார்கள்.

இரண்டாவது லைன். நம் ஊரில் லைன்மேன் சுவரில் வைத்துப்போன ரோசெட் பெட்டிக்குள் இரண்டு திருகாணிதான் இருக்கும். கருவியோடு வந்ததோ ஆர்.ஜே.11 என்ற சின்னப் பிளாஸ்டிக் பின். அந்த வயரை வெட்டி, நடுவில் உள்ள இரண்டு கம்பிகளை மட்டும் சுரண்டி திருகாணியில் சுற்ற வேண்டும்.

மூன்றாவது சார்ஜ். ஹாண்ட்செட்டில் மூன்று நிக்கல் காட்மியம் செல் சேர்ந்த 3.6 வோல்ட் பேட்டரி. முதல் தடவை 12 மணி நேரத்துக்கு மேல் பேஸில் வைத்து விட வேண்டும். வீட்டில் பிள்ளைகளுக்கு அந்த ஒரு ராத்திரி பெரிய தவம்!

நான்காவது, அடியில் உள்ள 'பி-டி' சுவிட்ச். பல்ஸ், டோன் என்று பொருள். பழைய ஸ்ட்ரோஜர் எக்ஸ்சேஞ்சுக்கு 'டக் டக்' என்று எண்ணுகிற பல்ஸ்தான் புரியும். எலக்ட்ரானிக் எக்ஸ்சேஞ்சுக்கு டோன். தப்பாக வைத்தால் டயல் டோன் கேட்கும், ஆனால் கால் போகாது. கருவி பழுது என்று எத்தனையோ பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனது இந்த ஒரு சுவிட்ச்சால்தான்.

கடைசியாக, எங்கே வைப்பது? தரையில் வைத்தால் தூரம் குறையும். இரும்பு பீரோ பக்கத்திலும் டி.வி. பக்கத்திலும் வைத்தால் இரைச்சல். ஓட்டு வீட்டில் நன்றாக எட்டும். கான்கிரீட் வீட்டில் இரண்டு சுவர் தாண்டினால் கரகரக்கும்.

தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்கிற மாவட்டம் நம்முடையது. ஐப்பசி இடி இறங்கும்போது கார்ட்லெஸ்ஸுக்கு இரண்டு வழியாக ஆபத்து. மின்சாரக் கம்பி ஒரு பக்கம், தொலைபேசிக் கம்பி ஒரு பக்கம். இடையில் மாட்டிக்கொண்டது பேஸ். ஆகவே வானம் இருண்டதும் அடாப்டரையும் லைன் பின்னையும் சேர்த்துப் பிடுங்கிப் போடுவது எல்லா வீட்டிலும் பழக்கமானது. ஒன்றை மட்டும் பிடுங்கியவர்கள் பிறகு புது பேஸ் தேடி அலைந்தார்கள்.

பட்டாசலில் இருந்து கிணற்றடிக்கு

கம்பி உள்ள போன் எங்கே இருக்கும்? வீட்டின் பட்டாசலில், பெரியவர் உட்காரும் நாற்காலிக்குப் பக்கத்தில், குரோஷா துணி போர்த்தி இருக்கும். சில வீடுகளில் பூட்டும் தொங்கும். யார் பேசினாலும் வீடு முழுக்கக் கேட்கும். கணவன் வருடக்கணக்காக ரியாத்திலோ குவைத்திலோ இருக்கும்போது, மாமனார் முன்னிலையில் நின்றுகொண்டு ஒரு பெண் என்ன பேச முடியும்? "சரி... ம்... பிள்ளைகளுக்கு நல்ல சுகம்... வச்சிரட்டா?" அவ்வளவுதான். மூன்று நிமிடத்தில் குடும்பக் கடமை முடிந்துவிடும்.

கார்ட்லெஸ் வந்தபின் அந்தப் பேச்சு அடுக்களைக்குப் போயிற்று. பிறகு கிணற்றடிக்கு, தட்டட்டிக்கு என்று நகர்ந்தது. எங்கள் தெருவில் ஒரு அக்கா புறவாசல் மாமரத்தடியில் நின்று பேசுவதை நான் பார்த்திருக்கிறேன். கல்யாணமாகி ஐந்து வருடத்தில் கணவரோடு சிரித்துப் பேசியது அப்போதுதான் என்று பின்னாளில் அவரே என் தாயாரிடம் சொன்னார். பொறியியல் புத்தகத்தில் கார்ட்லெஸ்ஸின் பயன் 'நடமாட்ட வசதி' என்று போட்டிருக்கும். நம் ஊரில் அதன் உண்மையான பயன் ஒரு மரத்தடிதான்.

ஆனால் 46/49 ரகத்தில் அந்த மரத்தடிப் பேச்சு முழுக்க அந்தரங்கமானதும் அல்ல. பக்கத்துத் தெருவில் அதே சானலில் இன்னொரு கார்ட்லெஸ் இருந்தால் இரண்டு குடும்பக் கதையும் கலக்கும். பாதுகாப்புக் குறி இல்லாத பழைய கருவிகளில் அடுத்தவர் பேஸின் டயல் டோனே நம் ஹாண்ட்செட்டில் கிடைத்துவிடும். யாரோ பேச, யாருக்கோ பில்! பிறகு வந்தவற்றில், ஹாண்ட்செட்டைப் பேஸில் வைக்கும்போதெல்லாம் இரண்டும் ஒரு ரகசிய எண்ணைப் பரிமாறிக்கொள்ளும் ஏற்பாடு சேர்ந்தது.

'லாங் ரேஞ்ச்' என்றொரு ரகமும் இருந்தது. மொட்டை மாடியில் ஆண்டெனா நட்டால் கிலோமீட்டர் கணக்கில் எட்டும். தோப்புக்கும் களத்துக்கும் எடுத்துப் போகலாம் என்று ஆசைப்பட்டவர்கள் உண்டு. ஆனால் 1933-ஆம் வருட இந்திய வயர்லெஸ் சட்டப்படி உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பது குற்றமாக இருந்தது. இது அறியாமை பற்றிய பழங்கதை மட்டுமல்ல. பின்னாளில் அமெரிக்காவில் இருந்து வந்த 'டெக்ட் 6.0' கார்ட்லெஸ் 1920 முதல் 1930 மெகா ஹெர்ட்ஸில் பேசும். இந்தியாவில் அந்த இடம் 3-ஜி செல்போன்கள் கோபுரத்தை நோக்கிப் பேசும் இடம். ஆசையாகக் கொண்டுவந்த ஒரு கருவி, சுற்றுவட்டாரத்துச் செல்போன்களுக்கே தொல்லை கொடுத்தது.

சென்னையில் பிறந்த கார்டெக்ட்

கார்ட்லெஸ் கதையில் நம் தமிழகத்துக்கு ஒரு பெருமை உண்டு. மாணவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஐரோப்பிய நாடுகள் 1992-இல் 'டெக்ட்' என்ற டிஜிட்டல் கார்ட்லெஸ் தரத்தை வகுத்தன. 1880 முதல் 1900 மெகா ஹெர்ட்ஸ் வரை 10 அலைவரிசைகள். ஒவ்வொன்றையும் நேரத்தால் 24 துண்டாக்கி, 12 பேச்சுகளுக்குப் பங்கிடுவார்கள். பேச்சை மறைகுறியாக்கவும் வழி உண்டு. ஐரோப்பியர் அதை வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் பயன்படுத்தினார்கள்.

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர்கள் அசோக் ஜுன்ஜுன்வாலா, பாஸ்கர் ராமமூர்த்தி ஆகியோர் அடங்கிய 'டெனெட்' குழுவினர் வேறு மாதிரி யோசித்தார்கள். தொலைபேசி இணைப்பில் செலவு பிடிப்பது எது? தெருத்தெருவாகப் பள்ளம் தோண்டிப் போடும் செம்புக் கம்பி. அந்தக் கடைசி மைல் கம்பிக்குப் பதிலாகக் கார்ட்லெஸ்ஸையே வைத்தால் என்ன? இந்த யோசனையில் பிறந்ததுதான் 'கார்டெக்ட்'. ஐ.ஐ.டி.யின் பழைய மாணவர்கள் தொடங்கிய மைடாஸ் நிறுவனமும் அமெரிக்காவின் அனலாக் டிவைசஸ் நிறுவனமும் இதில் கைகோத்தன. 1990-களின் பிற்பாதியில் கருவி தயாரானது. கோபுரத்தில் ஒரு சின்னப் பெட்டி, வீட்டுச் சுவரில் ஒரு 'வால்செட்'. இடையில் மறைப்பு இல்லாவிட்டால் 10 கிலோமீட்டர் எட்டும். பேச்சோடு இணையமும் கிடைக்கும், வினாடிக்கு 35 அல்லது 70 கிலோபிட் வேகத்தில்.

மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் 2001 முதல் இதை வைத்துக் கிராம இணைய மையங்கள் நடந்தன. கிராமத்தில் இருந்தபடியே கண்ணைப் படம் எடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி ஆலோசனை பெற்றார்கள். இன்றைய 'டெலிமெடிசின்' பேச்சுக்கெல்லாம் அது முன்னோடி. ஒரு கல்லூரியின் ஆசிரியரும் பழைய மாணவரும் சேர்ந்தால் என்ன செய்யலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

நம் மாவட்டத்து நில அமைப்பு இதுபோன்ற கருவிகளுக்கு ஒரு சோதனை. வடக்கே மலை, நடுவே தென்னந்தோப்பு. மழையில் நனைந்த ஓலை அலைவரிசையை நன்றாகக் குடிக்கும். விரைவிலேயே செல்போன் மலிவானதும் கார்டெக்டும், பிறகு வந்த பி.எஸ்.என்.எல். 'டபிள்யூ.எல்.எல்.' பெட்டிகளும் ஒவ்வொன்றாக விடைபெற்றன.

2017 நவம்பர் 30

இனி நான் முதலில் சொன்ன பாடம்.

பழைய கம்பித் தொலைபேசிக்கு மின்சாரம் வீட்டில் இருந்து வருவதில்லை. எக்ஸ்சேஞ்சில் உள்ள 48 வோல்ட் பேட்டரி வரிசையில் இருந்து, பேச்சு வருகிற அதே கம்பியில் வருகிறது. ஊரே இருண்டாலும் எக்ஸ்சேஞ்சின் பேட்டரியோ டீசல் இன்ஜினோ ஓடும்வரை போன் பேசும். கார்ட்லெஸ் அப்படி அல்ல. பேஸுக்கு வீட்டு மின்சாரம் போனால் அந்த நிமிடமே அது வெறும் பிளாஸ்டிக். அந்தப் பக்கம் பேசுபவருக்கோ இது தெரியாது. எக்ஸ்சேஞ்ச் வழக்கம்போல் மணி அனுப்பும். அவர் காதில் 'டிரிங்... டிரிங்...' கேட்டுக்கொண்டே இருக்கும். இந்த வீட்டில் ஒரு சத்தமும் இராது.

2017 நவம்பர் 30-ஆம் நாள் ஒக்கி புயல் நம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. மரங்கள் விழுந்தன, மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. செல்போன் கோபுரங்கள் பேட்டரி தீர்ந்து ஒவ்வொன்றாக அடங்கின. நான் அப்போது வெளியூரில் வேலையில் இருந்தேன். பெற்றோரின் செல்போன் இரண்டும் கிடைக்கவில்லை. வீட்டு லைனுக்குப் போட்டேன். மணி போயிற்று. எடுக்கவில்லை. மறுபடி மணி போயிற்று. எடுக்கவில்லை. லைன் செத்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். மணி போய் எடுக்காத போன் எதையெல்லாம் நினைக்க வைக்கும்!

மறுநாள், தெருமுனையில் உள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டு எண் நினைவுக்கு வந்தது. அவர் புதுக் கருவி எதுவும் வாங்காதவர். கறுப்பு நிற ஐ.டி.ஐ. போனை விடாமல் வைத்திருந்தார். இரண்டாவது மணியில் எடுத்தார். "எல்லாரும் நல்லாத்தான் இருக்காவ மக்கா. உங்க வீட்டுத் தென்னை ரெண்டு போச்சு, அவ்வளவுதான்" என்றார். அந்த ஒரு போன் அந்த இரண்டு நாளில் எங்கள் தெருவுக்கே பி.பி. போனாக மாறியிருந்தது. சென்னை, பெங்களூர், துபாய் என்று எல்லாப் பிள்ளைகளும் அந்த எண்ணுக்குத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

எங்கள் கவலை இரண்டு நாளில் தீர்ந்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற கடற்கரை ஊர்களின் கவலை தீரவே இல்லை. ஆழ்கடலுக்குப் போனவர்களை எட்டும் தொடர்பு எதுவும் அவர்கள் குடும்பங்களிடம் இல்லை. எத்தனையோ பேர் திரும்பவில்லை. குழித்துறையில் தண்டவாளத்தில் உட்கார்ந்த அந்தத் தாய்மார்கள் கேட்டதெல்லாம், தேடுங்கள், ஒரு தகவல் சொல்லுங்கள் என்பதுதான். கம்பி இருந்தாலும் இல்லாவிட்டாலும், தொலைபேசி என்ற பொருள் எதற்காக இருக்கிறது என்பது அன்றைக்குத் தெரிந்தது.

நாளைக்கு

இன்று செம்புக் கம்பிகள் போய்க் கண்ணாடி இழை வீட்டுக்கே வருகிறது. வேகம் அபாரம். ஆனால் கண்ணாடி இழையில் மின்சாரம் வராது. வீட்டுச் சுவரில் உள்ள அந்தச் சின்னப் பெட்டிக்கு வீட்டு மின்சாரம்தான் கதி. ஆக, ஒரு காலத்தில் கார்ட்லெஸ் மட்டும் சுமந்த பலவீனத்தை இப்போது எல்லாத் தொலைபேசியும் சுமக்கிறது. செல்போன் கோபுரமும் சில மணி நேரப் பேட்டரியில் நிற்கிற கோபுரம்தான்.

ஆகவே நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெற்றோர் தனியாக இருக்கும் வீடுகளில், இணையப் பெட்டிக்கு ஒரு சிறிய 12 வோல்ட் பேட்டரிப் பெட்டி வாங்கி மாட்டிக் கொடுங்கள். பெட்டிக்குத் தேவை 12 வோல்ட்தானா என்று அதன் அடாப்டரில் பார்த்து வாங்குங்கள். அக்கம்பக்கத்து நாலு வீட்டு எண்ணைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்; செல்போனுக்குள் இருக்கும் எண் செல்போனோடு அணைந்துவிடும்.

மின்னணுவியல் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு இன்னொன்று. செம்புக் கம்பியின் செலவைக் குறைக்க வேண்டும் என்ற கேள்வியில் இருந்து கார்டெக்ட் பிறந்தது. புயலடித்து நான்கு நாள் மின்சாரம் இல்லாதபோது ஒரு தெருவுக்கு ஒரு தொடர்பாவது உயிரோடு இருக்க என்ன செய்யலாம்? நடுக்கடலில் உள்ள ஒரு வள்ளத்துக்கு, அந்தக் குடும்பத்தால் வாங்கக்கூடிய விலையில், கரையோடு எப்படிப் பேச்சுக் கொடுக்கலாம்? இவை நம் மாவட்டத்தின் கேள்விகள். இறுதியாண்டு புராஜெக்டுக்குத் தலைப்புத் தேடி வெளியே அலைய வேண்டியதில்லை. இரணியல் சந்தைக்கும் தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்துக்கும் ஒரு நடை போய் வந்தாலே போதும்.